ஆனி மழையில் 200 கிலோமீட்டர்: ஒரு சப்போர்ட் வண்டியைப் பற்றிய மதிப்பீடு

மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரிலிருந்து, நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் துணையாக வண்டி அனுப்பும் சிறிய சேவை ஒன்று இயங்கி வருகிறது. தார்ப்பாய் போட்ட ஒரு மினி டெம்போ, அதை ஓட்டும் ஐம்பது வயது கடந்த அண்ணன், சமையலைக் கவனிக்கும் அவருடைய மனைவி, சைக்கிள் கடையில் தொழில் பழகிய ஓர் இளைஞர் ஆகியோரே அந்தச் சேவையின் மொத்த பலம். இந்த ஆனி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு இரு நாள்களுக்கு நாங்கள் ஏழு பேர் அவர்களை அமர்த்திக்கொண்டோம். சனிக்கிழமை முழுவதும், பிற்பகலின் கடைசி இரண்டு மணி நேரம் நீங்கலாக, மழை பெய்தது. அந்த இரு நாள் அனுபவத்தைக் கொண்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும், குறைகளை நேரில் சொன்னபோது அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு திருத்திக்கொள்ள அவகாசம் கேட்டதாலும், பெயரை இங்கு தவிர்க்கிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரங்களில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்பது விளங்கிவிடும்.

எங்கள் ஏழு பேரில் நால்வர் நாகர்கோவில்காரர்கள். மற்ற மூவர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூரப் பயணங்களுக்கான பயிற்சியாகவே இதை ஏற்பாடு செய்தோம். பாரிஸ் நகரத்து ஓடாக்ஸ் மன்றத்தின் விதிமுறைப்படி நடைபெறும் அப்பயணங்களில் 200 கி.மீ. தூரத்தை 13 மணி 30 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும், 300 கி.மீ. என்றால் 20 மணி நேரம், 600 கி.மீ. என்றால் 40 மணி நேரம். அது பந்தயம் அன்று என்பதால் முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் இடையே தர வேறுபாடு கிடையாது. ஆனால் உதவி பெறுவதில் கண்டிப்பு உண்டு: சொந்தத் துணைவண்டி குறிப்பிட்ட சோதனை நிலையங்களில் மட்டுமே உதவலாம், வழியில் பின்தொடர்ந்து வந்து தண்ணீர் கொடுப்பதும் சக்கரம் மாற்றிக் கொடுப்பதும் கூடாது. எங்களுடையது முறையான பி.ஆர்.எம். இல்லையென்றாலும், அந்தப் பழக்கம் வர வேண்டும் என்பதற்காக, முட்டம், மார்த்தாண்டம், பேச்சிப்பாறை, சுருளக்கோடு, பூதப்பாண்டி ஆகிய ஐந்து இடங்களில் மட்டும் வண்டி நின்றால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். ஆகவே, எங்கே நிற்பது, எப்போது வந்து நிற்பது, நிற்கும்போது எதை முதலில் செய்வது என்பவற்றை வைத்தே ஒரு துணைவண்டியின் தகுதியை நான் அளக்கிறேன்.

மழைக்காலத்தில் குமரி மாவட்டத்தில் இந்த வேலை எளிதானதன்று. பரப்பளவில் சிறிய மாவட்டம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழை அதன் எல்லா மூலைகளிலும் ஒரே மாதிரி பெய்வதில்லை. குலசேகரத்திலும் பேச்சிப்பாறையிலும் மலையோரத்து ரப்பர் தோட்டங்களில் கொட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், கன்னியாகுமரி முனையில் சிறு தூறலோடு வெயில் அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலோ மழையே இல்லாமல் காற்று மட்டும் ஆளைத் தள்ளும். ஒரே நாளில் இம்மூன்றையும் சந்திக்கும் சைக்கிள்காரருக்கு, நனையாமல் காப்பது, நனைந்தபின் காயவைப்பது, காய்ந்தவரைக் காற்றிலிருந்து காப்பது என மூன்று வெவ்வேறு உதவிகள் தேவைப்படுகின்றன. கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் துணைவண்டிகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பயணத்துக்கு நான்கு நாள் முன்பு அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். சைக்கிள்களைப் பற்றித்தான் கேட்பார் என்று எண்ணியிருந்தேன். அவர் முதலில் கேட்டது, யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா, காலில் ஆறாத புண் உண்டா என்பதைத்தான். அடுத்ததாக, ஒவ்வொருவரும் மூன்று ஜோடிக் காலுறைகளும் இரண்டு மேற்சட்டைகளும் துடைப்பதற்கு ஒரு தோர்த்துத் துண்டும் கொண்டுவர வேண்டும் என்றும், ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பெயர் எழுத வேண்டும் என்றும் சொன்னார். டயர் அளவு, டியூப் வால்வின் வகை, பிரேக் டிஸ்க்கா கட்டையா என்பவற்றை எல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டுக் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டதாக நான் நம்பினேன் என்று சொல்வதே சரி; அதைப் பின்னால் விளக்குகிறேன்.

சனிக்கிழமை அதிகாலை 5 மணிக்கு நாகர்கோவில் வடசேரியிலிருந்து புறப்பட்டுச் சுசீந்திரம், தேரூர் வழியாகக் கன்னியாகுமரி சென்றோம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022ஆம் ஆண்டில் இடம்பெற்ற சுசீந்திரம், தேரூர்க் குளங்களின் கரையில் விடியற்காலைத் தூறலில் சைக்கிள் ஓட்டுவது தனி இன்பம். அதைப் பற்றி எழுதினால் இந்த மதிப்பீடு வேறு திசைக்குப் போய்விடும். அங்கிருந்து மணக்குடி, ராஜாக்கமங்கலம் வழியாகக் கடற்கரைச் சாலையில் முட்டத்தை அடைந்தோம். முட்டத்தில் வண்டி சொன்ன நேரத்துக்கு நின்றது; ஆனால் சாப்பாட்டு மேசையில் இருந்தவை எல்லாம் இனிப்பாகவே இருந்தன. இனிப்பு பன், முந்திரிக்கொத்து, சர்க்கரை கூடிய தேநீர். மழையில் வியர்வை தெரிவதில்லை என்பதால் உப்பு இழப்பும் தெரிவதில்லை. வெறுந்தண்ணீரையும் இனிப்பையும் மட்டுமே உட்கொண்டு ஐந்தாறு மணி நேரம் மிதித்தால் தலைச்சுற்றலும் குமட்டலும் வரும். இதை அண்ணனின் மனைவியான அக்காவிடம் சொன்னதும் அவர் மறுத்துப் பேசவில்லை. மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்தபோது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம் என்ற கணக்கில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து ஏழு பாட்டில்கள் தயாராக இருந்தன.

மார்த்தாண்டம் நிறுத்தம்தான் இந்தச் சேவையின் மீது எனக்கு மதிப்பை உண்டாக்கியது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வழியாக அங்கே போய்ச் சேரும்போது 95 கி.மீ. முடிந்திருந்தது, கடைசி 30 கி.மீ. தூரம் விடாத மழை. மேம்பாலத்துக்கு அப்பால், பூட்டிக் கிடந்த ஒரு மரக்கடையின் நீண்ட தாழ்வாரத்தில் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி இடம் பிடித்திருந்தார்கள். நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காப்பியை நோக்கி நடந்தேன். அண்ணன் குறுக்கே வந்து ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். "சாரே, மொதல்ல காலத் தொடைங்க, காப்பி பொறவு குடிக்கலாம்" என்றார்.

காலணியைக் கழற்றிப் பார்த்தபோது, இரண்டு பாதங்களும் வெந்த கிழங்கின் தோல் போல வெளுத்துச் சுருங்கியிருந்தன; இடது பெருவிரலின் அடியில் தோல் உரியத் தொடங்கியிருந்தது. எனக்கு வலி தெரியவில்லை. ஊறிய தோலில் உரசல் வலி தாமதமாகத்தான் தெரியும். தெரியும்போது சிகிச்சைக்கு நேரம் கடந்திருக்கும். அவர்கள் பின்பற்றிய முறை இதுதான்: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாதத்தைத் துடைத்து, தோர்த்தால் விரல் இடுக்குகளை ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, வாசலின் தடவி, உலர்ந்த காலுறையை அணிவித்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மெக்கானிக் இளைஞர் காலணிகளுக்குள் பழைய செய்தித்தாளைப் பந்தாகச் சுருட்டித் திணித்து, அது நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு தாளைத் திணித்தார். மூன்று முறை அப்படிச் செய்தபின் காலணி முழுவதும் காயவில்லையென்றாலும், மிதிக்கும்போது சொதசொதவென்று தண்ணீர் பிதுங்கும் நிலை மாறியிருந்தது. மறுபடி மழையில் இறங்கினால் கால் மணி நேரத்தில் நனையத்தானே போகிறது, இதெல்லாம் எதற்கு என்று எங்களில் இளையவர் கேட்டார். நனைவதைத் தடுக்க முடியாது, தோலுக்கு நடுநடுவே ஓய்வு கொடுப்பதுதான் நோக்கம் என்று அண்ணன் விளக்கினார். ரப்பர் பால் எடுக்கும் வண்டியை இருபது ஆண்டுகள் ஓட்டிய காலத்தில், மழை மாதங்களில் பால் வெட்டுபவர்களின் கால்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். அன்று 200 கி.மீ. முடித்த ஆறு பேரில் ஒருவருக்கும் பாதத்தில் புண் இல்லை. முந்தைய ஆண்டுகளில் இதே பருவத்தில் துணையில்லாமல் ஓட்டியபோது, எங்களில் பாதிப் பேர் மறுவாரம் செருப்போடு வேலைக்குப் போனவர்கள்.

கால்களுக்குப் பிறகுதான் உணவு. சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல், நார்த்தங்காய் ஊறுகாய், ஆளுக்கு இரண்டு மட்டிப்பழம். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மட்டி சிறிய பழம் என்பதால் சட்டையின் பின்பையில் நசுங்காமல் நிற்கிறது. ஏத்தன் (நேந்திரன்) பழத்தைப் போல வயிற்றை அடைப்பதுமில்லை. கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள் மெக்கானிக் ஏழு சைக்கிள்களின் செயின்களையும் பனியன் வேஸ்ட் கொண்டு துடைத்து, மழைக்கான கெட்டி எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, மிகுதியைத் துடைத்து எடுத்திருந்தார். பிரேக் கட்டைகளில் பதிந்திருந்த மணலையும் அலுமினியத் துகள்களையும் ஊசியால் நோண்டி எடுத்து, உப்புத்தாள் கொண்டு தேய்த்தார். ஒரு டியூபையும் அவர் அன்று வழியில் ஒட்டவில்லை. ஈரத்தில் சொல்யூஷன் பிடிக்காது என்பதால், முகப்பவுடர் தூவி மூடி போட்ட டிபன் பெட்டிக்குள் வைத்திருந்த புதிய டியூபையே மாற்றினார். மாற்றும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு பஞ்சுத் துண்டை டயரின் உட்புறம் முழுவதும் ஓட்டினார். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி அதில் சிக்கிக்கொண்டு வெளிவந்ததை நானே பார்த்தேன். மழையில் கம்பியும் கண்ணாடியும் ஈர ரப்பரை எளிதாக அறுத்துக்கொண்டு உள்ளே போகும். காரணத்தை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றுகிறவர்கள் பலர். இந்த இளைஞர் அந்த ரகம் இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, திற்பரப்பு வழியாகக் குலசேகரம் போகும் சாலை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்குகிறது. மரங்களின் பட்டையில் பால் வெட்டும் இடத்துக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கும் காலம் இது. மழைநீர் சிரட்டைக்குள் இறங்காமல் பாலைக் காப்பதற்கான ஏற்பாடு. இளம் தோட்டங்களில் வரிசைகளுக்கு இடையே கைதச்சக்கை (அன்னாசி) நட்டிருந்தார்கள். அந்தச் சாலைகளில் ஓர் ஆபத்து உண்டு: மர நிழலில் வெயிலே படாத வளைவுகளில், குறிப்பாகக் கான்கிரீட் போட்ட குறுக்குச் சாலைகளில், பாசி படர்ந்திருக்கும். மேலே தண்ணீர் ஓடும்போது அது கண்ணுக்குத் தெரியாது. எந்தெந்த வளைவுகளில் பாசி உண்டு என்பதை அண்ணன் முதல்நாள் மாலையே ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். "சர்ச் தாண்டி இடப்பக்கம் இறக்கம், நடந்தே போகவும்" என்ற அளவுக்குத் துல்லியமான குறிப்புகள். அதை நாங்கள் ஒழுங்காகப் படித்திருந்தால் ஒரு விழுகையைத் தவிர்த்திருக்கலாம். எங்களில் ஒருவர் குலசேகரத்துக்கு முன்னால் அப்படியோர் இறக்கத்தில் முன்பிரேக்கைப் பிடித்து, மெதுவாகத்தான் என்றாலும், சாலையோர ஓடையில் போய் விழுந்தார். எலும்புக்குச் சேதமில்லை, முழங்கையில் தோல் வழண்டு சேற்றுநீர் படிந்திருந்தது.

அவர் அப்படியே பேச்சிப்பாறை வரை ஓட்டி வந்தார். மருந்துப் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே இருந்த கட்டுத்துணிகளில் பாதி ஈரமாக இருந்தது ஒரு குறை. மழைப் பயணத்துக்கு வரும் வண்டியில் அது நடக்கக் கூடாது. ஆனால் காயத்தைக் கையாண்ட விதத்தில் குறை சொல்ல முடியாது. அக்கா முதலில் புட்டித் தண்ணீரும் சோப்பும் கொண்டு ஐந்து நிமிடம் நிறுத்தாமல் கழுவினார். அதன் பிறகே மருந்து. வயலும் தோட்டமும் உள்ள ஊர்களில் மழைநீர் தேங்கும் ஓடைகளில் எலிகளின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி தோலில் உள்ள சிறு வெடிப்பின் வழியாகக்கூட உடலுக்குள் போகும். காயத்தை மூடிவிட்டுத் தொடர்ந்து ஓட்டுவதாக நண்பர் சொன்னபோது அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்குத் தாமே அழைத்துச் சென்று, டி.டி. ஊசி போடச் செய்து, அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் ஓடையில் விழுந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார். நண்பருக்கு அன்றைய பயணம் அத்துடன் முடிந்தது. அவருக்கு அப்போது வருத்தம்தான். எனக்கு அந்த முடிவு சரியாகவே பட்டது, இப்போதும் அப்படியே எண்ணுகிறேன்.

இனி, பெரிய குறைக்கு வருகிறேன். மருத்துவமனைக்குப் போய் வந்ததில் வண்டி தாமதமானது நியாயம். ஆனால் அடுத்த நிறுத்தமான சுருளக்கோட்டில், சந்திக்கும் இடம் எது என்பதில் எங்களுக்கும் அவர்களுக்கும் வெவ்வேறு புரிதல் இருந்தது. "பாலத்துப் பக்கம்" என்று பேசியிருந்தோம். நாங்கள் ஒரு பாலத்தில் நின்றோம், அவர்கள் வேறொரு பாலத்தில் நின்றார்கள். இருவருக்கும் கைபேசியில் சிக்னல் இல்லை. பெருஞ்சாணி அணைப் பக்கத்து மலையடிவாரத்தில் அது எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று. 40 நிமிடம், கொட்டும் மழையில், நனைந்த உடலோடு நின்றோம். அப்படிப்பட்ட இடங்களில் பாலம், கோயில் என்று பொதுப்பெயர் சொல்லாமல், கடையின் பெயரையோ கிலோமீட்டர் கல்லையோ எழுதிக் கொடுப்பதும், இவ்வளவு நேரம் காணவில்லையென்றால் இன்னார் இன்ன திசையில் தேடி வர வேண்டும் என்று முன்பே முடிவு செய்வதும் துணைவண்டி நடத்துபவர்களின் அடிப்படைக் கடமை. நாங்களும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பணம் வாங்கி இந்த வேலையைச் செய்பவர்கள் அவர்கள்தான்.

ஒருவழியாகச் சந்தித்தபோது இரண்டாவது பிரச்சினை வெளிப்பட்டது. திருநெல்வேலி நண்பர் ஒருவரின் பின் டயர் பக்கவாட்டில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழிந்திருந்தது. 700-28 அளவில் இரண்டு டயர்கள் வண்டியில் இருக்கும் என்று முன்பே உறுதியளித்திருந்தார்கள். வண்டியில் இருந்தவை 26 அங்குல டயர்கள். கேட்டதற்கு, தகவல் கடைக்காரரிடம் போய்ச் சேர்வதற்குள் மாறிவிட்டது என்றார்கள். நெடுந்தூரப் பயணத்தில் இது சிறிய பிழை அல்ல; ஒருவரின் பயணமே அங்கே முடிந்துபோகும். முடியாமல் காத்தது மெக்கானிக்கின் கைத்திறன்தான். தீர்ந்துபோன பற்பசைக் குழாய் ஒன்றை எடுத்து, கத்தரியால் நீளவாக்கில் வெட்டி, விரித்துக் கழுவித் துடைத்தார். அதிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முனைகள் டியூபைக் குத்தாதபடி நான்கு மூலைகளையும் வட்டமாகக் கத்தரித்து, டயரின் உட்புறம் கிழிசலுக்கு நேராக வைத்து, டியூபில் பாதிக் காற்றை ஏற்றி, துண்டு நகராமல் உட்கார்ந்துவிட்டதைக் கையால் அழுத்திப் பார்த்தபின் மீதிக் காற்றை ஏற்றினார். வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவான அழுத்தம். மழையில் சாலைப் பிடிப்புக்கும் அதுவே நல்லது. அந்த டயர் நாகர்கோவில் வரை எஞ்சியிருந்த 45 கி.மீ. தூரத்தையும் தாங்கியது.

சுருளக்கோட்டிலிருந்து அழகியபாண்டியபுரம் வந்து சேர்ந்ததும் ரப்பர் முடிந்து நெல் தொடங்கிவிடுகிறது. முதல் போகமான கன்னிப்பூ நடவு முடிந்த வயல்கள். கோதையாற்றுப் பாசனத்துக்காகப் பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள். 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் தண்ணீர்தான் இன்றும் நாஞ்சில் நாட்டு வயல்களை நிறைக்கிறது. ஏற்கெனவே நிறைந்து ஓடும் சானல்களில் மலைமழையும் வந்து சேரும்போது, கரை தாழ்ந்த இடங்களில் தண்ணீர் குறுக்குச் சாலைகளின் மேல் ஏறி ஓடும். நாங்கள் வரைபடத்தில் குறித்திருந்தது ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, நடுவே போகும் அப்படியொரு குறுக்குச் சாலை. ஆறு கி.மீ. மிச்சமாகும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தோம். காலையிலிருந்து மலையில் மழை நிற்கவில்லை, இந்நேரம் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும், சாலை எது சானல் எது என்று தெரியாது என்று அண்ணன் சொல்லி, எங்களைப் பெரிய சாலையிலேயே அனுப்பினார். போகும் வழியில் அந்தக் குறுக்குச் சாலையின் முகப்பைப் பார்த்தோம்; உழவு இயந்திரம் ஒன்று பாதிச் சக்கரம் தண்ணீரில் மூழ்க மெல்ல வந்துகொண்டிருந்தது. கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்ட உழவு இயந்திரங்கள் வயலிலிருந்து ஏறும் இடங்களில் தார்ச்சாலையில் அப்பியிருக்கும் களிமண்ணைப் பற்றியும் அவர் எச்சரித்திருந்தார். கைபேசி வரைபடத்தில் இவை எதுவும் இல்லை. இந்தச் சேவைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த அறிவுக்குத்தான் என்று நான் கருதுகிறேன்.

பூதப்பாண்டி நிறுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி நிறுத்தத்தைத் தோவாளையில் வைக்கலாம் என்றுதான் நான் முதலில் கேட்டிருந்தேன். முடிவுக்கு இன்னும் அருகில் இருக்கும், பூச்சந்தைக்கு அருகில் இடவசதியும் உண்டு. அண்ணன் மறுத்து, பூதப்பாண்டியில்தான் நிற்பேன் என்று உறுதியாகச் சொன்னார். காரணம் அன்று விளங்கியது. பூதப்பாண்டியை நெருங்கும்போதே மழை குறைந்துவிட்டது. வானமும் வெளுக்கத் தொடங்கியது. மழை நின்றுவிட்டது, இனிக் கவலையில்லை என்ற எண்ணம் எல்லாருக்கும் வந்தது. உண்மையில் உடல் சூட்டை இழப்பது அங்கேதான் தொடங்குகிறது. தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழி வரை மேற்குக் காற்று முதுகில் தள்ளும். மிதிக்காமலே போவது போல இருக்கும். காற்றாலைகள் தெரியும் அந்தத் திருப்பத்தில் வந்த வழியே நாகர்கோவிலை நோக்கித் திரும்பியதும், அதே காற்று நெஞ்சில் அறையும். எட்டு மணி நேரம் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றுக்கு எதிராக 14 கி.மீ. போனால், குமரி மாவட்டத்தில் ஆனி மாதத்தில்கூட மனிதருக்கு உடல் நடுங்கும், விரல்கள் விறைக்கும், பிரேக்கைப் பிடிக்கக் கை வராது. ஈராண்டுக்கு முன் நான் அதை அனுபவித்திருக்கிறேன்.

பூதப்பாண்டியில் அவர்கள் பெயர் எழுதிய உறைகளை வரிசையாக எடுத்து வைத்திருந்தார்கள். ஈரச்சட்டையைக் கழற்றி, தோர்த்தால் மார்பையும் கழுத்தையும் துடைத்து, உலர்ந்த சட்டை அணிந்து, அதன் மேல் காற்று புகாத மெல்லிய மேலங்கியைப் போட்ட பிறகுதான் யாரையும் புறப்பட விட்டார்கள். பெரிய தூக்குவாளியில் சூடான கருப்பட்டிக் காப்பி, சுக்கு தட்டிப் போட்டது, அதோடு ரசவடை. முட்டத்தில் சொன்னதை நினைவில் வைத்து, உப்புத் தூக்கலாகச் செய்திருந்தார் அக்கா. பின் விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்து, நனைந்து அணைந்திருந்த இரண்டுக்குப் பதிலாகத் தங்களிடம் இருந்தவற்றை மாட்டினார்கள். நாங்கள் காற்றுக்குள் போகும் முன்பே அந்த ஏற்பாடு முடிந்திருந்தது. தோவாளையிலோ ஆரல்வாய்மொழியிலோ நின்றிருந்தால் நடுங்கத் தொடங்கியவர்களுக்கு உதவியிருப்பார்கள்; பூதப்பாண்டியில் நின்றதால் ஒருவரும் நடுங்கவில்லை. மாலை 6.20க்கு ஆறு பேரும் ஒன்றாக வடசேரியில் சைக்கிளை நிறுத்தினோம். கணக்குப்படி 10 நிமிடம் மீதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் திருவட்டாறு, மாத்தூர் வழியாக 60 கி.மீ. மட்டுமே. 1966ஆம் ஆண்டில் கட்டிய, 115 அடி உயரமுள்ள மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் மேல் சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு நடந்தோம். மழை அவ்வப்போதுதான் பெய்தது. வண்டிக்கு அதிக வேலையில்லை. மாலையில் எல்லா சைக்கிள்களையும் கழுவி, பெடல் அச்சிலும் இருக்கைக் கம்பியிலும் புகுந்த தண்ணீரைக் கவிழ்த்து வெளியேற்றி, தேய்ந்துபோன மூன்று ஜோடி டிஸ்க் பேட்களை உறையில் போட்டு உரியவரிடம் காட்டினார்கள். மணல் கலந்த மழையில் ஒரே நாளில் பேட் எவ்வளவு தேயும் என்பதைக் கண்ணால் பார்ப்பது ஒரு பாடம்.

கட்டணம் நாளொன்றுக்கு 6,000 ரூபாய். உணவுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய். ஏழு பேருக்கு இரண்டு நாளும் சேர்த்து 15,500 ரூபாய் வர வேண்டும். தந்த சீட்டில் காத்திருப்புக் கட்டணம் என்று 1,200 ரூபாய் கூடுதலாக இருந்தது. அப்படியொரு கட்டணம் உண்டு என்று முன்பு யாரும் சொல்லவில்லை. சுருளக்கோட்டுக் குழப்பத்தில் காத்திருந்தவர்கள் நாங்களும்தான். இதை எடுத்துச் சொன்னதும் பாதியைக் கழித்துக்கொண்டார்கள். மருத்துவமனைக்குப் போய்வந்த நேரத்துக்காக மீதி 600 ரூபாயைக் கொடுப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆக 16,100 ரூபாய், தலைக்கு 2,300 ரூபாய். பெற்ற உதவிக்கு இது அதிகமில்லை. ஆனால் எந்தெந்தச் சூழ்நிலையில் கூடுதல் கட்டணம் வரும் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

விலை உயர்ந்த பந்தய சைக்கிள் வைத்திருப்பவர்களும், மின்னணு கியர் பொருத்தியவர்களும் இவர்களிடம் உதிரிப்பாகங்களை எதிர்பார்க்கக் கூடாது. தேவையானவற்றைத் தாங்களே கொண்டுவந்து வண்டியில் வைத்துவிடுவது நல்லது. எட்டுப் பேருக்கு மேல் போகும் குழுவுக்கு ஒரு வண்டி போதாது. இரவுப் பயணத்தில் இவர்கள் எப்படி என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆவணியில் 300 கி.மீ. பயணத்துக்கு இவர்களையே அமர்த்தியிருக்கிறோம். அதில் கடைசி ஐந்து மணி நேரமாவது இருட்டில்தான் ஓடும். முன்பணம் கொடுத்த அன்றே ஏழு சைக்கிள்களின் டயர் அளவு, டியூப் வால்வின் வகை, நிறுத்தங்களின் சரியான அடையாளம், சிக்னல் இல்லாத இடங்களில் எவ்வளவு நேரம் காத்திருந்து யார் எந்தத் திசையில் தேடுவது என்பவற்றை இரண்டு தாள்களில் எழுதி, ஒன்றை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை வரி வரியாகப் படித்து, ஓர் இடத்தில் என் பிழையைத் திருத்தி, மடித்து, காலுறைகள் வைக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டார்.